சிறுவிலங்கு மருத்துவமனையில் மாணவர் பயிற்சி

கால்நடை மருத்துவக் கல்வி நாய், பூனைகளுக்காகத் தொடங்கப்பட்டதன்று. 1761 இல் பிரான்சின் லியோன் நகரில் பள்ளி தொடங்க குளோட் பூர்ஜெலா அனுமதி பெற்றபோது, மாடுகளைக் கொன்ற வெக்கை நோயும் குதிரைகளின் நலமுமே முதன்மைக் கவலைகளாக இருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் குதிரைகளின் இடத்தை மோட்டார் வண்டிகள் பிடித்தன. நகர வீடுகளில் செல்லப்பிராணிகள் பெருகின. கல்லூரி மருத்துவமனைகளும் அதற்கேற்ப மாறின. 1903 இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில், சிறுவிலங்குப் பிரிவு இன்று மாணவர்களின் முக்கியப் பயிற்சிக் களமாகும்.

மாட்டிடம் கற்றதை அப்படியே பூனைக்குப் பொருத்த முடியாது. மனிதர் சாதாரணமாக உட்கொள்ளும் பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கக்கூடும். அதைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நோயுற்ற விலங்கு பேசாது. ஆகவே வளர்ப்பவரிடம் கேட்டறிதல், உடல் வெப்பமும் நாடித்துடிப்பும் பார்த்தல், எடைக்கேற்ப மருந்தளவு கணித்தல் ஆகியவற்றை மாணவர்கள் ஆசிரியரின் கண்காணிப்பில் செய்து பழகுகின்றனர்.

இந்திய கால்நடை மருத்துவ கவுன்சிலின் 2016 விதிமுறைகளின்படி, நான்கரை ஆண்டுப் படிப்பைத் தொடர்ந்து ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி கட்டாயம். தனியே மருத்துவம் பார்க்கச் செல்லுமுன், தவறு நேராமல் தடுக்க மூத்தவர் ஒருவர் அருகிலிருக்கும் காலம் அது.