அ, ஆ, இ, ஈ: ஒரு புதிர்ப்போட்டித் தட்டின் கதை

2006ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. சிரம்பானில் வேலை செய்துகொண்டிருந்த பெரியப்பா மகன், யாரோ கழித்துவிட்ட கணினி ஒன்றை வாங்கி எங்கள் லயத்துக்குக் கொண்டு வந்திருந்தார். அதோடு பகாவ் பசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்கு வாங்கிய ஒரு குறுந்தட்டும். உள்ளே இருந்தது தொலைக்காட்சியில் பார்த்த அதே 'மில்லியனேர்' போட்டி. அதே இசை, அதே இருட்டு, அதே நான்கு விடைகள். லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒரு நாற்காலியைச் சுற்றி நின்றோம்.

முதல் கேள்வி நூறு டாலர். இருப்பதிலேயே சுலபமானது. ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் விடுபட்ட சொல் எது என்று கேட்டது. எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்தது.

திரும்பத் திரும்ப ஆடினோம். தோற்ற கேள்விகளின் விடைகளை மனப்பாடம் செய்துகொண்டே மேலே ஏறினோம். ஒருநாள் பெரிய தொகைக்கான கேள்வி ஒன்று ஆசிய நாடொன்றின் தலைநகரத்தைக் கேட்டது. எல்லாரும் ஒரே குரலில் கத்திச் சொன்னோம். பள்ளியில் ஏற்கெனவே படித்ததுதான். எங்களுக்குக் கஷ்டமானது அவர்களுக்கு நூறு டாலர், எங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்குப் பல ஆயிரம் டாலர். அன்று இது எனக்கு வேடிக்கையாக மட்டுமே பட்டது. என் கூட்டாளி ஒருவன் மட்டும் இரண்டு நாளுக்குப் பிறகு வரவில்லை. கேட்டதற்கு, "நமக்குத்தான் ஒண்ணும் தெரியலையேடா"ன்னு சொன்னான். அவன் தோட்டத்துப் பள்ளியில் கணக்கில் முதல் மாணவன்.

பதினைந்து வருஷம் கழித்து, மென்பொருள் எழுதும் வேலைக்கு வந்த பிறகுதான் அந்தத் தட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கதை ஓர் ஏமாற்றில் தொடங்குகிறது. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் புதிர்ப்போட்டிகள் கொடிகட்டிப் பறந்தன. 'ட்வென்ட்டி ஒன்' என்ற போட்டியில் சார்ல்ஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் வாரக்கணக்கில் வென்று நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார். விடைகள் அவருக்கு முன்கூட்டியே தரப்பட்டிருந்தன. 1958இல் குட்டு உடைய ஆரம்பித்தது. 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவரே ஒப்புக்கொண்டார். மக்கள் புதிர்ப்போட்டி என்றாலே முகம் சுளித்த அந்தச் சூழலில்தான் மெர்வ் கிரிஃபின் புதிதாக ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். 'போட்டியாளருக்கு விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியைச் சொல்லச் சொல்லலாமே' என்று யோசனை சொன்னவர் அவருடைய மனைவி ஜூலன். 1964 மார்ச் 30இல் 'ஜெபர்டி' ஒளிபரப்பானது. இடையில் நின்றுபோய், 1984இல் அலெக்ஸ் டிரெபெக் நடத்த மறுபடி வந்தபோது அது பெரும் வெற்றி.

அடுத்த சில ஆண்டுகளில் கேம்டெக் என்ற நிறுவனம் அதை வீட்டுக் கணினிக்கும் நின்டெண்டோ பெட்டிக்கும் கொண்டு வந்தது. 1989இல் சிறுவர்களுக்கென்றே 'ஜெபர்டி ஜூனியர் பதிப்பு' வந்தது. நின்டெண்டோவுக்காக அதை எழுதியது இங்கிலாந்தின் ரேர் நிறுவனம்.

அதில் விடையைத் தேர்ந்தெடுக்க முடியாது, எழுத்துக்கூட்டி உள்ளிட வேண்டும். விசைப்பலகை கிடையாது. கையில் இருக்கும் பொத்தானை அழுத்தி, திரையில் உள்ள எழுத்துகளில் ஒவ்வொன்றாகப் போய் நிற்க வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்து என்பதால் ஒரு குழந்தை அதைச் சமாளித்துவிடும். தமிழில் 247. நம் மொழிக்கு இந்த வடிவம் லேசில் வந்திருக்காது. நான்கில் ஒன்றைத் தொடு என்ற வடிவம் எந்த மொழிக்கும் பொருந்தும். உலகம் முழுக்கப் பரவியதும் அதுதான்.

அந்த வடிவம் பிரிட்டனில் இருந்து வந்தது. 1998 செப்டம்பர் 4இல் ஐடிவியில் தொடங்கிய 'மில்லியனேர்' பதினைந்து கேள்வி, மூன்று உதவி என்ற எளிய கணக்கில் அமைந்தது. 1999இல் அமெரிக்கா போனது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சனோடு இந்தியில் 'கோன் பனேகா குரோர்பதி', அதே காலத்தில் சன் டிவியில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்'. மலேசியாவில் என்டிவி7 அலைவரிசையில் ஜலாலுடின் ஹாசான் நடத்தினார். எங்கள் லயத்தில் தாத்தாக்கள்கூட மலாயில் அதைப் பார்த்தார்கள்.

இதைக் கணினி விளையாட்டாக்கிய ஜெல்லிவிஷன் நிறுவனத்தின் கதை எனக்குச் சுவாரசியமாக இருந்தது. சிகாகோவைச் சேர்ந்த இவர்கள் முதலில் கல்விப் படங்கள் எடுத்தவர்கள். 1990களின் தொடக்கத்தில் பிள்ளைகளைக் கதைப்புத்தகம் படிக்க வைக்க 'தட்ஸ் எ ஃபேக்ட், ஜேக்!' என்ற புதிர் விளையாட்டைச் செய்தார்கள். புத்தகத்தைப் படித்தால்தான் கேள்விக்கு விடை தெரியும். அதிலிருந்து பெரியவர்களுக்கான 'யூ டோன்ட் நோ ஜேக்' 1995இல் பிறந்தது. 1999இல் 'மில்லியனேர்' அவர்கள் கைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்தப் போட்டிக்குச் சிறுவர் பதிப்புகளும் வந்தன. பிள்ளைகளைப் படிக்க வைக்கப் புறப்பட்டவர்கள், கடைசியில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்துச் சம்பாதிக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்த விளையாட்டுகளின் உள்ளே பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கேள்விகளைக் கடினத்தின்படி தட்டுகளாகப் பிரித்து அடுக்குகிறோம். நிரல் ஒவ்வொரு தட்டிலிருந்தும் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுக்கிறது. 'பார்வையாளரைக் கேள்' என்ற உதவிக்குக் கணினிக்குள் பார்வையாளர் யாரும் இல்லை. சரியான விடைக்குக் கொஞ்சம் எடை கூட்டி, மீதியைக் கலைத்துப் போட்டு ஒரு வரைபடம் காட்டினால் போதும். உண்மையான வேலை, எந்தக் கேள்வி எந்தத் தட்டில் என்று முடிவு செய்வது. அதை ஒரு மனிதர் தன் ஊரில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்கிறார். 'இது எந்தக் குழந்தைக்கும் தெரியும்' என்று அவர் நினைக்கும்போது அவர் மனதில் இருக்கும் குழந்தை அவர் தெருவில் விளையாடும் குழந்தை. பகாவில் நூறு டாலரில் நாங்கள் தோற்றது அங்கேதான்.

நாங்கள் அந்தத் தட்டின் முன் நின்ற காலத்தையும் பார்க்க வேண்டும். யூபிஎஸ்ஆர் தேர்வு 1988இல் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு விடைகளில் ஒன்றைக் கருப்பாக்கப் பழகினார்கள். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று அரசு கொள்கை கொண்டு வந்தது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த முதல் தொகுதி நாங்கள். தோட்டத்துப் பள்ளிக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் பாடக் குறுந்தட்டுகளும் வந்தது அந்தக் கொள்கையோடுதான். அதனால் எங்களுக்குக் கணினி என்றாலே ஆங்கிலம், தட்டு என்றாலே நான்கு விடையில் ஒன்று. மில்லியனேர் தட்டு எங்களுக்குப் பாடத்தின் தொடர்ச்சியாகவே இருந்தது. 2009இல் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். யூபிஎஸ்ஆர் 2021இல் போனது. தெரியாத கேள்வியின் முன் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் தங்கிவிட்டது.

கணினியில் தமிழே இல்லாத காலம் என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே 'முரசு' மென்பொருளில் வேலையைத் தொடங்கிவிட்டார். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. எழுத்து இருந்தது. தோட்டத்துப் பிள்ளையை மனதில் வைத்துக் கேள்வி எழுத உட்கார்ந்த ஆள் எங்கள் கண்ணில் படவில்லை.

சரி, நாமே எழுதுவோம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் ஆரம்பித்தேன். தோட்டத்தில் வார இறுதி டியூஷன் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன விளையாட்டு. கேள்விக்குப் பாட்டியிடம் போனேன். பாட்டி முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர்.

"பாட்டி, பால் மரத்த ஏன் விடியறதுக்கு முன்னாடியே வெட்டுறாங்க?"

"வெயில் ஏறுனா பால் நின்னுடும்யா. குளிர்ல தான் நல்லா ஓடும்."

அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், வெயில் ஏற ஏற அது குறைகிறது. நல்ல கேள்வி, எழுதிக்கொண்டேன். மங்கில் உறைந்தது கட்டிப்பால், வெட்டுக்காயத்தில் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால், எது எது என்று அடுத்த கேள்வி. பெரட்டுக்களம் எதற்கு, நிரை என்றால் என்ன. இருபது கேள்வி சுலபமாகச் சேர்ந்தது.

பிறகு தடுமாற்றம் வந்தது. "மழை பெஞ்சா வெட்டு இருக்குமா?" என்று கேட்டேன். "மரம் ஈரமா இருந்தா இல்ல. காஞ்சிடுச்சுன்னா லேட்டா பெரட்டு. மண்டோரு எப்படிப்பட்ட ஆளுங்கறதையும் பாக்கணும்" என்றார் பாட்டி. இதை எந்த விடையில் அடைப்பது? அவருடைய அறிவில் பாதி 'அப்படின்னா இப்படி, இப்படின்னா அப்படி' என்ற வகை. நான்கில் ஒன்று மட்டுமே சரி என்ற சட்டத்துக்குள் அது உட்கார மறுத்தது. நான் வெறுத்த தட்டின் வேலையையே நானும் செய்கிறேனோ என்று சந்தேகம் வந்தது.

இன்னொரு சிக்கல், என் கேள்விகளில் பாதி இன்றைய பிள்ளைகளுக்கும் அந்நியம். தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. சிரம்பான், நீலாய், லாபு பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று ஐந்நூற்றுச் சொச்சம். மங்கைக் கையில் பிடிக்காத பிள்ளைக்குக் கட்டிப்பாலும் அந்த ஆங்கிலப் பாட்டும் ஒன்றுதான். என் தட்டின் முன்னாலும் ஒரு பிள்ளை "எனக்கு ஒண்ணும் தெரியல"ன்னு எழுந்து போகலாம்.

முதல் வாரமே அது நடந்தது. ஒரு சிறுமி நிரை பற்றிய கேள்வியில் தோற்று முகம் சுருங்கினாள். அன்று இரவு நிரலைத் திறந்து இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, தோற்றால் ஆட்டம் முடியாது. இன்னொன்று, 'வீட்டில் கேட்டு வருகிறேன்' என்று ஐந்தாவதாக ஒரு பொத்தான். அதை அழுத்தினால் கேள்வி அடுத்த வாரம் வரை அந்தப் பிள்ளையின் பெயரில் காத்திருக்கும். எழுத மொத்தம் முப்பது வரிகூட ஆகவில்லை. தொலைக்காட்சி மேடையில் இது சாத்தியமில்லை, அங்கே கடிகாரம் ஓடும். எங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமி விடையோடு வந்தாள். கூடவே ஒரு பிரச்சினையும் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் இப்போதைய இடத்துக்கு எப்போது மாறியது என்ற கேள்விக்கு அவள் தாத்தா ஒரு வருஷம் சொல்ல, இன்னொரு பையனின் பாட்டி வேறு வருஷம் சொல்லியிருந்தார். இரண்டு பிள்ளைகளும் கணினி முன் சண்டை போட்டார்கள். எந்த விடையைச் சரி என்று பதிவது என்று கேட்டார்கள். இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறேன். கோயில் பழைய கணக்குப் புத்தகம் ஒன்று தலைவர் வீட்டில் இருக்கிறதாம். அடுத்த வாரம் மூன்று பேருமாகப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.