புற்றுநோய்போல் தோன்றும் மார்பக அழற்சி: பயாப்சியே விடை சொல்லும்

பிள்ளை பெற்றுச் சில ஆண்டுகளில் ஒரு பக்க மார்பில் கல்போல் கட்டி. தோல் சிவக்கிறது, காம்பு உள்வாங்குகிறது, அக்குளில் நெறி கட்டுகிறது. புற்றுநோய் என்றே மனம் பதறும். சிலருக்கு அது ‘கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ்’ எனும் அரிய அழற்சியாக இருக்கும். 1972இல் மருத்துவ ஏட்டில் தனியாக விவரிக்கப்பட்ட இது புற்றுநோய் அல்ல.

தொட்டுப் பார்த்தோ மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் படங்களை வைத்தோ இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. மரத்துப்போக மருந்து செலுத்தி, தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சிறு துண்டுகளை எடுத்துப் பார்க்கும் பயாப்சியே முடிவு சொல்லும். ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பேச்சு நம்மிடையே இன்னும் உண்டு. அதை நம்பி நாள் கடத்துவதுதான் ஆபத்து. கிளினிக்கில் கொடுத்த ஆன்டிபயோடிக் முடிந்தும் கட்டி கரையாவிட்டால், அதே மருந்தை மறுபடி வாங்காமல் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்டு வாங்குவது நல்லது.

புற்று இல்லை என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். காசநோயும் மார்பில் இதே தோற்றத்தைத் தரும். மலேசியாவில் அது இன்னும் ஒழியவில்லை. எடுத்த திசுவில் அதற்கும் சோதனை தேவை. காசநோய் இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அது முற்றிவிடும்.

இந்த அழற்சி ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். அவசரப்பட்டு அறுத்தால் புண் ஆறாமல் சீழ் வடிவதும் உண்டு.