தொழிற்பயிற்சி மாணவரும் கணிதமும்

தொழிற்பயிற்சி மாணவர் பலருக்குக் கணிதம் வேண்டாத விருந்தாளி. ஐ.டி.ஐ. பொறியியல் பிரிவுகளின் பாடத்திட்டத்திலேயே பணிமனைக் கணக்கீடு உண்டு. கருவியைத் தொடும் ஆர்வம் அந்த வகுப்பில் வருவது அரிது.

காஞ்சிபுரத் தறியில் கணக்குக்கெனப் பாடவேளை கிடையாது. பாவு இழைகள், புட்டாக்களின் இடைவெளி, உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் இணைக்கும் கோர்வை என எல்லாமே எண்ணிக்கைதான். ஜக்கார்டு அட்டையில் துளை பிசகினால் பூவும் பிசகும். பிழை உடனே கண்ணுக்குத் தெரிவதால் நெசவு பழகுபவர் எண்ணிச் சரிபார்க்கச் சலிப்பதில்லை.

பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருவோரச் சிறு வியாபாரிகளைப் பற்றி 1985இல் வெளியான ஆய்வும், செய்யும் வேலையோடு சேரும்போது கணக்கு எளிதாகிறது என்பதையே காட்டுகிறது. விற்பனையின்போது 98 விழுக்காடு விடைகளைச் சரியாகச் சொன்ன சிறுவர்கள், அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகக் கேட்டபோது 37 விழுக்காடே சரியாகச் செய்தனர்.