காராபினர் 98கே: சேகரிப்பு மதிப்பைக் கணிக்கும் முறை

1. ஆய்வுப்பொருள்

ஜெர்மன் ராணுவம் 1935-இல் ஏற்றுக்கொண்ட காராபினர் 98கே, மவுசர் வகையைச் சேர்ந்த 7.92 மி.மீ. ரைஃபிள். பல ஆலைகளில் பெருந்திரளாகச் செய்யப்பட்டதால் இதை அரிய பொருள் என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில் ஒன்று, மற்றதைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது. ஆலையைவிட்டு வந்த நிலை குலையாமல் இருக்கிறதா என்பதே இந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம் என்பது என் முடிவு.

2. எண்ணும் முத்திரையும்

ரிசீவரின் மேற்புறத்தில் ஆலைக் குறியீடும் ஆண்டும் இருக்கும். மவுசரின் ஓபர்ன்டார்ஃப் ஆலை முதலில் 'எஸ்/42', பின்னர் '42', 1941 முதல் 'பிஒய்எஃப்' என்று பொறித்தது. வெர்சாய் உடன்படிக்கையின் தடை கருதி, 1934-ஐ 'கே' என்றும் 1935-ஐ 'ஜி' என்றும் எழுத்தால் மறைத்தார்கள். இத்தகைய தொடக்ககாலத் துப்பாக்கிகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

இவற்றைவிட முக்கியம் வரிசை எண். ரிசீவர், குழல், போல்ட் மூன்றிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். பாதுகாப்புத் தாழ் போன்ற சிறு உறுப்புகளில் பெரும்பாலும் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இருக்கும். போல்ட் ஒன்று மாறியிருந்தாலே விலை வெகுவாக இறங்கிவிடும்.

3. சோவியத் கைப்பற்றல்

இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டவற்றைச் சோவியத் ஆயுதக் கிடங்குகளில் பிரித்து, துடைத்து, கைக்குக் கிடைத்த உறுப்புகளைச் சேர்த்துப் பூட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது சுடக்கூடிய துப்பாக்கி; எந்த போல்ட் எதனுடையது என்று பார்க்க வேண்டிய தேவை இல்லை. பிறகு அந்தப் போல்ட்டின் மேல் மின்பேனாவால் ரிசீவரின் எண்ணைக் கீறினார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால், ஆலை அச்சின் ஆழமான இலக்கத்தருகே இந்த நடுங்கிய கோடு பளிச்சென்று தெரியும். மரக்கட்டையில் செம்பழுப்பு அரக்குப் பூச்சு, உலோகத்தில் கருத்த மெருகு, ரிசீவரில் சிலசமயம் 'எக்ஸ்' முத்திரை ஆகியவையும் அடையாளங்கள். குழல் நன்றாக இருந்தால் சுடுவதற்கு இத்துப்பாக்கிகள் தக்கவை; விலையில் பின்தங்கியவை.

4. அமெரிக்க வீரர் கொண்டுவந்தவை

பையில் அடங்குவதற்காகக் குழல் வளையத்தின் கீழ் கட்டையை அறுத்து ஊருக்குக் கொண்டுவந்த வீரர்கள் உண்டு. அந்த அறுப்பு மதிப்பைக் குறைக்கும். ஆனால் போர்முனையிலிருந்து நேரே வந்தது என்பதற்குச் சான்றாகவும் நிற்கும். எண்கள் பொருந்தியிருந்தால், கைப்பற்றிய சான்றுத்தாளும் உடன் இருந்தால், அறுப்பை நான் பெரிய குறையாகக் கருதமாட்டேன். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் இறக்குமதியானவற்றில் இறக்குமதியாளர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பொறிப்பு விலையைக் குறைக்கிறது.

5. போலி

எஸ்எஸ் முத்திரை, குறிபார்ப்பாளர் தொலைநோக்கி இரண்டுக்கும் விலை அதிகம். போலியும் இவற்றில்தான் மிகுதி. மெருகேற்றிய பின் அடித்த முத்திரையின் விளிம்பில் உலோகம் மேலெழுந்து மினுங்கும். விற்பவர் சொல்லும் கதைக்கு விலை கொடுக்கக் கூடாது.

வாங்குமுன் போல்ட்டைக் கழற்றி எண்ணைப் பாருங்கள். வாங்கியபின் கட்டையை உரசவோ உலோகத்துக்குப் புது மெருகேற்றவோ வேண்டாம். துரு பரவாமல் மெல்லிய எண்ணெய் பூசி வைத்தால் போதும்.