ஊழியர் என்னும் பெயர்

கிறித்தவ ஊர்களில் 'ஊழியர்' என்றால் இறைவனின் வேலைக்கென்றே வாழ்வைக் கொடுத்தவர். அலுவலகத்தில் அதே சொல் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவரைக் குறிக்கும். சொல்லின்பம் நாடும் அன்பர்களே, இவ்விரு பொருளுக்கும் முன்பே இப்பெயர் நெடுவழி நடந்து வந்தது.

மலையாளத்தில் ஊழியம், கன்னடத்தில் ஊளிக, தெலுங்கில் ஊடிகமு என்று, ழகரம் ஓரிடத்தில் நிலைத்தும், ஓரிடத்தில் ளகரமாகியும், மற்றோரிடத்தில் டகரமாகியும் நிற்கும் அழகே இது இரவற்சொல் அன்று என்பதைக் காட்டிவிடுகிறது. 'ஊழ்' என்பதற்கு முறை என்றும் பொருள் உண்டாதலால், முறைவைத்துச் செய்தே தீரவேண்டிய வேலை ஊழியமாயிற்று என்று கொள்ளவே எனக்கு விருப்பம். பிற்கால வழக்கும் அப்பக்கமே சாய்கிறது. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலை. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் சோனகர்மீதும் செட்டிகள்மீதும் சுமத்திய கடமைக்கும் இதுவே பெயர். கூலியும் இல்லை, பாராட்டும் இல்லை. வேலை வாங்கும் உடையவன் மட்டும் உண்டு.

இத்தகைய கசப்பேறிய சொல்லையா இறைபணிக்குத் தேர்ந்தார்கள் என்று வியக்கலாம். பவுலடிகள் தமக்கு இட்டுக்கொண்ட கிரேக்கப் பெயரோ 'டூலோஸ்', அதாவது அடிமை. மனிதரை மகிழ்விக்க முனைந்தால் தாம் கிறித்துவின் ஆள் ஆகமாட்டார் என்று கலாத்தியருக்கு அவர் எழுதிய இடத்திலும் அச்சொல்லே நிற்கிறது; 1871-இல் நிறைவுற்ற போவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பு அதை 'ஊழியக்காரன்' என்றது. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் 'பணியாளன்'. பணி இனிய சொல்தான். ஆனால் உடையவன் ஒருவனைச் சார்ந்தே நிற்கும் அந்த இறுக்கம் ஊழியத்தில்தான் உண்டு.

எபேசியர், கொலோசெயர் திருமுகங்களில் மட்டும் வரும் 'ஒப்தல்மோடூலியா' என்ற தொகைச்சொல் இன்னும் சுவையானது. ஒப்தல்மோஸ் கண், டூலியா அடிமைவேலை. தலைவன் பார்க்கும்போது மட்டும் ஓடியாடும் வேலையைக் குறிக்கும் இச்சொல்லை, அடிமைகளிடம் பேசும் இடத்தில் பவுலடிகள் ஆள்கிறார். இப்படிப் பிறர் பார்வைக்கென்று செய்வதன் பயன் என்ன என்பதைக் காட்டவும் ஒரு சொல் உண்டு. இயேசுவின் மலைப்பொழிவில் பிறர் காண அறம் செய்வோரைப் பற்றி வரும் 'அபெகோ' என்னும் வினை, எகிப்தின் பானையோட்டுச் சில்லுகளிலும் நாணற்றாள்களிலும் 'முழுதும் பெற்றேன்' என்னும் பற்றுச்சீட்டு வழக்காக இருந்ததை அடால்ஃப் டைஸ்மன் என்ற செருமானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். புகழ் கைக்கு வந்தது, சீட்டும் எழுதியாயிற்று. இனி மேலிருந்து வரவேண்டிய பாக்கி ஏது?

அந்தக் கண்வேலையைத் தமிழாக்கியோர் தொகையை விரித்து, 'பார்வை'யோடு குகர உருபைச் சேர்த்து, ஊழியத்தைப் பின்னே வைத்தார்கள். எத்தனை நுட்பம்! ஊழியம் என்றதும் 'யாருக்கு?' என்று நான்காம் வேற்றுமை எழுந்து நிற்கிறது, பார்வைக்கா, ஆண்டவருக்கா? சுவரொட்டிகளில் பட்டங்கள் சூழப் பெரிதாக அச்சாகும் 'தேவ ஊழியர்' என்னும் தொடரிலோ அவ்வுருபு தொகையாய் மறைந்திருக்கிறது. படிக்கும்போது அதை விரித்தே படியுங்கள்: தேவனுக்கு ஊழியர்.