2,700 மணி நேர டெஸ்டிங்

"டெவலப்மெண்ட் கிடைக்காதவன்தான் டெஸ்டிங்குக்குப் போவான்" என்று கல்லூரி விடுதிகளில் ஒரு பேச்சு உண்டு. அப்படி நினைப்பவர்கள் தெராக்-25 என்ற இயந்திரத்தின் கதையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

தெராக்-25 என்பது புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் இயந்திரம். தயாரித்தது ஏ.இ.சி.எல். என்ற கனடா நாட்டு அரசு நிறுவனம். அமெரிக்காவில் 5, கனடாவில் 6, ஆக 11 இயந்திரங்கள் மருத்துவமனைகளில் ஓடின. 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை 6 நோயாளிகள் இவற்றில் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தும் போனார்கள்.

இந்த இயந்திரத்தில் இரண்டு வகை சிகிச்சை உண்டு. ஒன்று எலக்ட்ரான் கற்றை, மற்றது எக்ஸ்ரே. எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய 100 மடங்கு அதிக மின்னோட்டம் தேவை. ஆனால் நடுவில் ஓர் உலோகத் தடுப்பு வந்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். மின்னோட்டம் எக்ஸ்ரே அளவுக்கு இருந்து, தடுப்பு மட்டும் வராமல் போனால்? முந்தைய மாடலான தெராக்-20-ல் இதைத் தடுக்கத் தனியாக மின்சுற்றுப் பூட்டுகள் இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான்! அந்த மென்பொருளோ பெரும்பாலும் ஒரே ஒருவர் பிடிபி-11 கணினிக்காக அசெம்பிளி மொழியில் எழுதியது. பழைய மாடல்களின் நிரல் பகுதிகளும் அதில் அப்படியே வந்திருந்தன.

1986 மார்ச் 21. டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரம். பெண் ஆபரேட்டர் ஒருவர் எலக்ட்ரானுக்கு 'இ' அடிப்பதற்குப் பதில் பழக்கதோஷத்தில் 'எக்ஸ்' அடித்துவிட்டார். உடனே மேல்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்தி மேலே போய்த் திருத்தினார். திரையில் எல்லாம் சரி. ஆனால் உள்ளே காந்தங்களை அமைக்க இயந்திரம் எடுத்துக்கொண்ட சுமார் 8 விநாடிகளுக்குள் திருத்தம் முடிந்துவிட்டதால், அந்த மாற்றத்தை நிரலின் ஒரு பகுதி கவனிக்கவே இல்லை. 'மால்ஃபங்ஷன் 54' என்று திரையில் வந்தது. அர்த்தம் புரியாத இதுபோன்ற செய்திகள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வருபவை. 'பி' விசையைத் தட்டினால் மேலே போகும், அவரும் தட்டினார். அன்று பார்த்து அறையின் ஒலி இணைப்பு பழுது, வீடியோ இணைப்பும் இல்லை. உள்ளே நோயாளி வலியில் எழுந்துகொண்டிருந்தபோது இரண்டாவது கற்றையும் அவர் மேல் பாய்ந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்தார்.

நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து பார்த்தார்கள். பிழையைத் திரும்ப வரவழைக்க முடியவில்லை. அளவு மீறுவது சாத்தியமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 7 அன்று இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. நான்கே நாளில், அதே ஆபரேட்டர், அதே 54, இன்னொரு நோயாளி.

இந்த முறை மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேகர் விடவில்லை. அந்த ஆபரேட்டருடன் உட்கார்ந்து, எந்த விசைக்குப் பின் எந்த விசை என்று அடித்து அடித்துப் பார்த்தார். கடைசியில் பிடிபட்டது: வேகமாக அடித்தால்தான் 54 வரும்! நிறுவனத்திடம் சொன்னபோது முதலில் அவர்களால் முடியவில்லை. வேகமாகச் செய்ய வேண்டும் என்று விளக்கிய பிறகுதான் அவர்களுக்கும் வந்தது. இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் 'ரேஸ் கண்டிஷன்' என்று இரண்டு வரியில் முடிந்துவிடும் விஷயம். கண்டுபிடித்தவர் பதவியில் டெஸ்டர் இல்லை, ஆனால் அவர் செய்தது அசல் டெஸ்டிங்.

தற்காலிகத் தீர்வாக நிறுவனம் அனுப்பிய யோசனை இன்றும் நம்பக் கடினமானது. அந்த அம்புக்குறி விசையின் மூடியைப் பிடுங்கிவிட்டு, அடியில் இருக்கும் இணைப்பின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொன்னார்கள்.

1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலம் யாகிமாவில் நடந்த விபத்துக்குக் காரணம் வேறு பிழை. 8 பிட் மாறி ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் 1 கூடி, 256-வது முறை பூஜ்யமாகிவிடும். அந்தக் கணத்தில் ஒரு பாதுகாப்புச் சோதனை விட்டுப்போகும். எல்லை மதிப்புகளைச் சோதிக்க வேண்டும் என்று டெஸ்டிங் வகுப்பில் சொல்வது இதற்குத்தான்.

அப்படியானால் நிறுவனம் சோதிக்கவே இல்லையா? இயந்திரம் வாங்கியவர்களின் கூட்டம் ஒன்றில் நிறுவனத்தின் தர உறுதி மேலாளர், மென்பொருள் 2,700 மணி நேரம் சோதிக்கப்பட்டது என்றார். கூட்டத்தில் இருந்தவர்கள் குடைந்து கேட்டதும்தான் தெரிந்தது, அது 2,700 மணி நேரப் 'பயன்பாடு'. நிரலின் சிறு சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிப்பது மிகக் குறைவாகவே நடந்திருந்தது. 1983-ல் செய்த பாதுகாப்பு ஆய்விலும் நிரல் பிழைகளைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்கவில்லை. மென்பொருள் தேயாது என்பது அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்த விவரங்களை நான்சி லெவசன், கிளார்க் டர்னர் இருவரும் 1993-ல் விரிவான கட்டுரையாக எழுதினார்கள். மென்பொருள் பொறியியல் படிப்பவர்கள் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை அது.

மாணவர்களுக்குப் பிடிக்கும் ஒரு செய்தியும் இதில் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பழைய தெராக்-20 ஒன்று பயிற்சிக்கு இருந்தது. புதிய மாணவர் குழு வரும்போதெல்லாம் ஃபியூஸ் போகும். மாணவர்கள் பழகப் பழகக் குறைந்துவிடும். டைலர் செய்தி கேட்டதும் அங்கிருந்த இயற்பியலாளர் சோதித்துப் பார்த்தார். அதே பிழை அங்கேயும் இருந்தது! கன்னாபின்னாவென்று விசைகளைத் தட்டிய மாணவர்கள் அதை எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியாமலே. பழைய பூட்டுகள் இருந்ததால் அங்கே போனது ஃபியூஸ் மட்டும்தான்.