செம்புக் கம்பியிலிருந்து இணையத்துக்கு: பிரித்தானியத் தொலைபேசி மாற்றம்

பிரித்தானியாவில் நூறாண்டுக்கும் மேலாகச் செம்புக் கம்பி வழியே இயங்கிவந்த பொதுத் தொலைபேசி வலையமைப்பை மூடிவிட்டு, எல்லா அழைப்புகளையும் இணைய வழிக்கு மாற்றப்போவதாக பிரிட்டிஷ் டெலிகாம் (பி.டி.) நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்குக் குறித்த ஆண்டு 2025. பின்னர் அந்தக் காலக்கெடு 2027 சனவரி 31 வரை தள்ளிவைக்கப்பட்டது. இணையத்தில் பேசும் தொழில்நுட்பம் அதற்குள் நன்கு பழகிப்போயிருந்தது. பழைய கம்பியை நம்பி நாடெங்கும் என்னென்ன கருவிகள் இயங்குகின்றன என்ற கணக்குதான் எவரிடமும் முழுமையாக இல்லை.

கம்பி செய்த வேலைகள்

பழைய முறையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் இரட்டைக் கம்பி ஒன்று அருகிலுள்ள தொலைபேசி இணைப்பகத்துக்குச் செல்லும். பேச்சைச் சுமப்பதோடு, தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதுவே தந்தது. இணைப்பகத்தில் வரிசையாக வைத்திருக்கும் மின்கலங்களிலிருந்து ஏறத்தாழ 50 வோல்ட் நேர்மின்னோட்டம் வந்துகொண்டிருக்கும். மின்கலம் இறங்கினால் டீசல் மின்னாக்கி கைகொடுக்கும். ஊர் முழுவதும் மின்சாரம் போனாலும் தொலைபேசி வேலைசெய்ததற்குக் காரணம் இதுவே. கம்பி எந்த முகவரியில் முடிகிறது என்பதும் பதிவில் இருந்ததால், 999 என்ற அவசர எண்ணை அழைத்தவர் பேசமுடியாமல் போனாலும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

இந்த வசதிகளை நம்பி, மின்தூக்கியில் சிக்கியவர் அழுத்தும் அவசரப் பொத்தான், திருட்டு எச்சரிக்கை மணி, தீயெச்சரிக்கைக் கருவி, அட்டை தேய்க்கும் இயந்திரம், ஃபேக்ஸ், வாயில் கதவின் பேசி எனப் பலவும் கம்பியில் வந்து ஒட்டிக்கொண்டன. பொருத்தியவர் வேலை முடித்துப் போய்விடுவார். மாதந்தோறும் கட்டணச்சீட்டில் ஓர் எண் மட்டும் வந்துகொண்டிருக்கும். அது எதற்கான இணைப்பு என்பது நாளடைவில் அலுவலகத்தில் எவருக்கும் தெரியாமல் போகும்.

முதல் முயற்சி

இம்மாற்றத்தை பி.டி. முன்பே ஒருமுறை தொடங்கியிருந்தது. '21ஆம் நூற்றாண்டு வலையமைப்பு' என்ற பெயரில் 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அத்திட்டத்தின் மதிப்பு சுமார் 1,000 கோடி பவுண்டு. 2006 இறுதியில் கார்டிஃப் நகருக்கு அருகிலுள்ள விக் என்ற ஊரில் முதல் இணைப்புகள் மாற்றப்பட்டன. ஆனால் குரல் அழைப்புகளை மாற்றும் பகுதி சில ஆண்டுகளில் ஓரங்கட்டப்பட்டது. பழைய இணைப்பகங்கள் தொடர்ந்து ஓடின. அவற்றில் 1980களில் நிறுவப்பட்ட 'சிஸ்டம் எக்ஸ்' வகைக் கருவிகளும் அடங்கும். அவற்றின் உதிரிபாகங்களும், பழுதுபார்க்கத் தெரிந்த பொறியாளர்களும் குறைந்துகொண்டே வந்ததால் 2015இல் முடிவைத் தள்ளிப்போட வழியில்லாமல் போனது.

அலுவலகங்களின் கணக்கு

நிறுவனங்கள் பெரும்பாலும் ஐ.எஸ்.டி.என். என்ற எண்முறை இணைப்பைப் பயன்படுத்தின. அதில் ஒவ்வோர் அழைப்புக்கும் நொடிக்கு 64 கிலோபிட் வழித்தடம் தனியே ஒதுக்கப்பட்டது. 'ஐ.எஸ்.டி.என். 30' வாங்கிய நிறுவனத்தில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம்; ஒருவர் பேச்சு மற்றவரைப் பாதிக்காது.

இணையத்தில் அந்த ஒதுக்கீடு இல்லை. குரல் சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு, மின்னஞ்சல், கோப்புகள், காணொலி ஆகியவற்றோடு ஒரே சாலையில் போட்டியிட்டுச் செல்கிறது. சுருக்கப்படாத ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 80 முதல் 100 கிலோபிட் வரை தேவை. பத்துப்பேர் ஒருசேரப் பேசினால் ஏறத்தாழ 1 மெகாபிட். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து 'இது தாராளம்' என்று நினைத்தவர்கள், பழைய ஏ.டி.எஸ்.எல். இணைப்பின் பதிவேற்ற வேகம் பல இடங்களில் அந்த அளவைக்கூட எட்டாது என்பதைக் கவனிக்கவில்லை. அங்கெல்லாம் எதிர்முனையிலிருப்பவர் சொல்வது தெளிவாகக் கேட்கும். இவர் பேசுவதுதான் அங்கே அறுந்து அறுந்து கேட்கும்.

இன்னொரு பிழை திரும்பிவராத இழப்பை உண்டாக்கக்கூடியது. புதிய சேவைக்கு எண் மாறிச்சேரும் முன்பே பழைய இணைப்பை ரத்துசெய்தால், பல ஆண்டுகளாக வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருந்த எண்ணும் கைநழுவிப்போகலாம். அவசர அழைப்புக்கான முகவரியையும் இனி நிறுவனமே பதிந்துவைக்க வேண்டும். ஊழியர் இணையத் தொலைபேசியை வீட்டுக்கு எடுத்துச்சென்று 999ஐ அழைத்தால், பதிவைத் திருத்தாதவரை காட்டப்படுவது அலுவலக முகவரியே.

புயலும் பொத்தானும்

2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயல் ஸ்காட்லாந்தையும் வட இங்கிலாந்தையும் தாக்கியது. சுமார் 10 லட்சம் இல்லங்கள் மின்சாரம் இழந்தன; சிலவற்றுக்கு ஒரு வாரத்துக்கு மேலும் மின்சாரம் வரவில்லை. மின்சாரம் போனால் ரூட்டரும் அணையும், அதோடு இணையத் தொலைபேசியும் அணையும். கைபேசிக் கோபுரங்களும் பல இடங்களில் செயலிழந்தன. தரைவழித் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்போருக்கு மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்கவேண்டும் என்று ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 2018இல் கூறியிருந்தது. ஒரு வார இருட்டுக்கு ஒரு மணி நேர மின்கலம் யானைப்பசிக்குச் சோளப்பொரிதான். 2022 மார்ச்சில் பி.டி. வீட்டு இணைப்புகளை மாற்றும் பணியை நிறுத்திவைத்து, மறு ஆண்டில் மீண்டும் தொடங்கியது.

அதைவிடக் கடுமையான சிக்கல் முதியோர் கழுத்தில் அணியும் அபாயப் பொத்தானில் எழுந்தது. ஏறத்தாழ 18 லட்சம் பேர் இத்தகைய தொலைப் பராமரிப்புக் கருவிகளைப் பயன்படுத்தினர். பழைய வகைக் கருவிகள் ஒலிக்குறிகளால் கண்காணிப்பு மையத்துக்குச் செய்தி அனுப்புபவை. இணையத்தில் குரல் சுருக்கப்படும்போது அந்தக் குறிகள் சிதையலாம். மனிதக் காது அதைப் பொருட்படுத்தாது. மையத்திலுள்ள கருவிக்கோ குறி புரியாமல் போகும். மாற்றப்பட்ட சில வீடுகளில் பொத்தான் வேலைசெய்யாதது தெரியவந்த பின், 2023 டிசம்பரில் அரசின் தலையீட்டால் முக்கிய நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க இசைந்தன. 2024 மே மாதத்தில் 2027 என்ற புதிய கெடு வந்தது.

புதிய செம்பு இணைப்பு விற்பனை 2023 செப்டம்பரிலேயே நாடு முழுவதும் நின்றுவிட்டது. ஆதலால் காத்திருந்த நிறுவனங்களுக்கும் புதிதாக ஓர் இணைப்புக்கூடக் கிடைக்கவில்லை. சிலர் மின்தூக்கியையும் எச்சரிக்கை மணியையும் முன்கூட்டியே கைபேசி சிம் அட்டைக்கு மாற்றிக்கொண்டனர். அவர்களுள் 3ஜியை மட்டும் அறிந்த கருவியை வாங்கியவர்கள் மறுபடியும் செலவழிக்க நேர்ந்தது. பிரித்தானியாவின் 3ஜி வலையமைப்புகளை மூடும் வேலை 2024இல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.